உள்ளங்காலுக்கு ஏது வெயில்?

மெலனோமா என்கிற தோல் புற்றுநோய் உடம்பெங்கும் பரவிவிட்ட பிறகு டாக்டர்கள் கையில் உருப்படியாக எதுவும் இல்லாத காலம் ஒன்று இருந்தது. ரொம்பப் பழைய கதையல்ல, 2010 வரைக்கும் அதுதான் நிலைமை. அந்த ஆண்டு வெளியான ஒரு சிறிய சோதனையின் முடிவு எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. பின்னாளில் வெமுராஃபெனிப் என்று பெயர் பெற்ற மாத்திரையை, குறிப்பிட்ட ஒரு மரபணு மாற்றம் உள்ள நோயாளிகளாகப் பார்த்துப் பொறுக்கி, 32 பேருக்குக் கொடுத்தார்கள். 26 பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. அவர்களில் இரண்டு பேருக்குக் கட்டி இருந்த தடமே இல்லை.

கூடவே ஒரு விபரீதமும் நடந்தது. மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் பலருடைய தோலில் புதிதாகக் கட்டிகள் முளைத்தன. வெட்டிச் சோதித்தால் அவையும் தோல் புற்றுநோய்தான், ஆனால் வேறு ரகம். தோலின் மேல் அடுக்கில் உள்ள செதிள் செல்களில் வருவது. அடுத்த ஆண்டு 675 பேரை வைத்துப் பெரிய அளவில் நடத்திய சோதனையிலும் இதே கதை: இந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களில் 18 சதவீதம் பேருக்குப் புதுக் கட்டிகள். நல்ல வேளையாக, வெட்டி எடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிற ரகம் அது. ஆனாலும் ஒரு தோல் புற்றுநோயை அடக்குகிற மருந்து இன்னொரு தோல் புற்றுநோயைக் கிளப்பிவிடுவது எப்படி?

விடை மரபணுக்களில் இருந்தது. ஒரு செல்லுக்கு 'பெருகு' என்று வெளியிலிருந்து சமிக்ஞை வந்தால், ராஸ் என்கிற புரதம் முதலில் விழித்துக்கொள்ளும். அது ராஃப் புரதங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வேலைக்கு ஏவும். ஒரே நுகத்தில் பூட்டிய ஜோடி மாடு போல அவை இழுத்தால்தான் சமிக்ஞை செல்லின் உட்கருவுக்குப் போய்ச் சேரும். மெலனோமா வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் பிராஃப் என்கிற ராஃப் புரதத்தில் ஒரே ஒரு கண்ணி மாறியிருக்கிறது. 600-ஆவது இடத்தில் வேலின் என்கிற அமினோ அமிலம் இருக்க வேண்டும், அங்கே குளுடாமிக் அமிலம் இருக்கிறது. 2002-இல் இங்கிலாந்தின் சாங்கர் நிலையத்தைச் சேர்ந்தவர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். இந்த மாட்டுக்கு ஜோடியும் வேண்டாம், ஓட்டுகிற ஆளும் வேண்டாம். தன்னந்தனியாக இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கும். வெமுராஃபெனிப் போய் உட்காருவது இதன் மேல்தான். இழுப்பு நின்றுவிடும், கட்டி சுருங்கும்.

பக்கத்திலேயே இருக்கும் செதிள் செல்லின் நிலைமை வேறு. அதில் பிராஃப் ஒழுங்காக இருக்கிறது, ராஸ்தான் பல வருட வெயிலில் கெட்டுப்போயிருக்கிறது. அங்கே ராஃப் எப்போதும் ஜோடியாகத்தான் நிற்கும். மருந்து ஒரு மாட்டைப் பிடித்து நிறுத்தினால், மற்றது முன்னைவிட வெறியோடு இழுக்கத் தொடங்குகிறது. மருந்து சாப்பிட்டவர்களுக்கு முளைத்த 35 கட்டிகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். 21 கட்டிகளில் ராஸ் மரபணு பிறழ்ந்திருந்தது, பெரும்பாலும் ஹெச்ராஸ் என்கிற வகை. அந்தச் செல்கள் மருந்து வருவதற்கு முன்பே பாதி கெட்டிருந்தவை. மிச்சத்தை மருந்து முடித்துவைத்தது. இப்போது சமிக்ஞைப் பாதையில் இன்னும் ஒரு படி கீழே உள்ள மெக் என்கிற புரதத்தையும் தடுக்கும் மாத்திரையைச் சேர்த்தே கொடுக்கிறார்கள். புதுக் கட்டிகள் பெருமளவு குறைந்துவிட்டன.

இந்த ஒரு சம்பவம் போதும், தோல் புற்றுநோயை ஒற்றை நோயாகப் பாவிக்கும் பழக்கத்தைக் கைவிட. சிறுநீரகத்துப் புற்றும் நுரையீரல் புற்றும் வேறு வேறு என்று சொன்னால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ஒரே தோலில் ஒரு விரற்கடை தள்ளி வரும் இரண்டு கட்டிகளுக்குள் அதே அளவு வித்தியாசம் இருக்கலாம் என்பது மட்டும் நம்ப முடியாததாகத் தெரிகிறது.

தோலின் மேல்படலத்தில் அடியில் இருப்பவை அடித்தள செல்கள். அவை பெருகி மேலே தள்ளப்பட்டு, தட்டையாகிச் செதிள் செல்களாகின்றன. இடையிடையே நிறமி தயாரிக்கும் மெலனோசைட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. தொடு உணர்வுக்கான மெர்க்கல் செல்கள் அங்கங்கே கொஞ்சம். உலகில் அதிகம் வருவது அடித்தள செல் புற்று. மெல்ல வளரும், அபூர்வமாகத்தான் பரவும். இதில் பெரும்பாலும் கெட்டுப்போவது 'ஹெட்ஜ்ஹாக்' என்கிற சமிக்ஞைப் பாதை. கருவில் கை, கால், முகம் உருவாகும் காலத்தில் தேவைப்படும் பாதை இது. வளர்ந்த பிறகு பெரும்பாலும் அடங்கிக் கிடக்க வேண்டும். பிடிசிஹெச்1 என்கிற மரபணு அதைப் பூட்டி வைத்திருக்கிறது. அது உடைந்தால் பாதை திறந்துகொள்ளும். பிறவியிலேயே இந்த மரபணுவின் ஒரு பிரதி பழுதான கோர்லின் நோய்க்குறி உள்ளவர்களுக்கு இளம் வயதிலேயே இந்தப் புற்று டஜன் கணக்கில் வரும்.

இதற்கு மருந்து கிடைத்த வழி விசித்திரமானது. 1950-களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் நெற்றி நடுவே ஒற்றைக் கண்ணோடு ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. சினையாக இருந்த ஆடுகள் மலைச்சரிவில் மேய்ந்த ஒருவகைக் காட்டுச்செடிதான் காரணம் என்று பல வருடம் தேடிக் கண்டுபிடித்தார்கள். அதில் இருந்த நச்சுக்குச் சைக்ளோபமைன் என்று பெயர் வைத்தார்கள். அது ஹெட்ஜ்ஹாக் பாதையை அடைக்கிறது என்று தெரியவர மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. அதே இடத்தை அடைக்கும் விஸ்மோடெகிப் மாத்திரைக்கு 2012 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. ஏன் என்பதற்கு அந்த ஆட்டுக்குட்டிகளே சாட்சி. மெலனோமாவுக்கு இந்த மாத்திரையால் பிரயோஜனம் இல்லை.

செதிள் செல் புற்றில் டிபி53, நாட்ச் ஆகிய மரபணுக்கள் முன்னால் நிற்கின்றன. இவற்றைப் பற்றிச் சாங்கர் நிலையம் 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கொஞ்சம் தூக்கத்தைக் கெடுக்கும். தொங்கிப்போன கண்ணிமையைச் சரிசெய்யும்போது அறுத்து எறிகிற மிச்சத் தோலை 4 பேரிடமிருந்து வாங்கி, 234 நுண்துண்டுகளாக்கிப் படித்தார்கள். நோய் எதுவும் இல்லாத, பார்வைக்குச் சாதாரணமான தோல். அதிலேயே ஏறக்குறைய கால்வாசி செல்களில் புற்றுநோயைத் தூண்டும் பிறழ்வு ஒன்று ஏற்கெனவே குடியேறியிருந்தது. அப்படியும் அந்த இமைகளில் புற்று வரவில்லை. ஒரு பிறழ்வு மட்டும் இருந்தால் நோயாகாது.

மெர்க்கல் செல் புற்று அரிது, ஆனால் வேகமாகக் கொல்லும். 2008-இல் பிட்ஸ்பர்க்கில் யுவான் சாங், பேட்ரிக் மூர் தம்பதியின் ஆய்வுக்குழு, கட்டியிலிருந்த மரபுச் செய்திகளில் மனிதனுடையதை எல்லாம் கழித்துவிட்டு மிஞ்சியதைப் பார்த்தது. அங்கே ஒரு வைரஸ் இருந்தது. வைரஸ் உள்ள மெர்க்கல் கட்டிகளில் மரபணுப் பிழைகள் மிகக் குறைவு. வைரஸ் இல்லாதவற்றில் வெயில் ஏற்படுத்திய பிழைகள் ஏராளம். மைக்ராஸ்கோப்பில் ஒன்றுபோலத் தெரியும் இந்த இரண்டும் இரண்டு வழியாக வந்து சேர்ந்தவை.

வெயில் ஏற்படுத்தியது என்று எப்படிச் சொல்கிறார்கள்? டிஎன்ஏ-வில் புறஊதாக் கதிர் விழுந்தால், அடுத்தடுத்து இருக்கும் சி, டி எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். செல்லுக்குள் இருக்கும் பழுதுபார்க்கும் புரதங்கள் அந்த ஒட்டலை வெட்டி எடுத்துச் சரிசெய்ய வேண்டும். தவறினால், செல் இரண்டாகும்போது சி இருந்த இடத்தில் டி வந்துவிடும். சில சமயம் சிசி இருந்த இடத்தில் டிடி வரும். இந்தக் கடைசி மாற்றத்தை வெயிலைத் தவிர வேறு எதுவும் அவ்வளவாகச் செய்வதில்லை. 2010-இல் ஒரு மெலனோமாக் கட்டியின் முழு மரபணுத் தொகுதியையும் முதன்முதலாகப் படித்தபோது 33,345 எழுத்துப் பிழைகள் எண்ணப்பட்டன. பெரும்பாலானவை சி போய் டி வந்தவை. இந்தப் பழுதுபார்க்கும் வேலையே பிறவியில் இல்லாத ஜெரோடெர்மா பிக்மென்டோசம் நோயாளிகளுக்குப் பள்ளிக்கூட வயதிலேயே தோல் புற்று வருவது ஏன் என்பதும் இதிலிருந்து விளங்கும். அதன் மூல காரணத்தை ஜேம்ஸ் கிளீவர் 1968-லேயே சொல்லிவிட்டார்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. மெலனோமாவின் புகழ்பெற்ற அந்தப் பிராஃப் பிறழ்வு, டி இருந்த இடத்தில் ஏ வருவதால் உண்டாவது. வெயிலின் வழக்கமான கைரேகை அதில் இல்லை. மேலும், உடம்பில் உள்ள சாதாரண மச்சங்களைச் சோதித்தபோது பெரும்பாலானவற்றில் இதே பிறழ்வு கிடைத்தது. மச்ச சாஸ்திரம் பார்ப்பவர்கள் கவனிக்க: பிராஃப் கெட்ட ஒரு நிறமிச் செல் கொஞ்சகாலம் பெருகி, பிறகு செல்லின் உள்தடைகள் விழித்துக்கொண்டு நிறுத்திவிட்ட இடம்தான் பெரும்பாலான மச்சங்கள். அந்தத் தடைகளும் உடைந்தால்தான் மெலனோமா.

சான் ஃபிரான்சிஸ்கோவில் போரிஸ் பாஸ்டியனின் குழு 2005-இல் 126 மெலனோமாக்களை எடுத்துக்கொண்டது. கட்டி எந்த இடத்தில் வந்தது, அந்த இடத்தில் எவ்வளவு வெயில் பட்டிருக்கிறது என்று பார்த்து நான்கு கூட்டமாகப் பிரித்தது. எப்போதாவது கடற்கரைக்குப் போய் வெயிலில் வெந்துகொள்ளும் முதுகு, தொடை ஒரு கூட்டம். பல பத்தாண்டுகள் தினம் வெயில் பட்டு நைந்த முகம் இன்னொன்று. வாய், மூக்கு போன்ற இடங்களின் உள்சவ்வு மூன்றாவது. உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தின் அடி நான்காவது. முதல் கூட்டத்தில் ஐந்தில் நான்கு கட்டிகளில் பிராஃப் அல்லது ராஸ் வகையைச் சேர்ந்த என்ராஸ் பிறழ்ந்திருந்தது. மற்ற கூட்டங்களில் அந்த ஆதிக்கம் இல்லை. இடத்தைச் சொல்லாமல் மரபணுக் கோளாறுகளை மட்டும் காட்டினால், கட்டி எந்தக் கூட்டம் என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிட முடிந்தது. 2018-இல் உலக சுகாதார நிறுவனம் மெலனோமாவுக்கு ஒன்பது பாதைகள் என்று வகுத்தபோது இந்தப் பார்வையே அடித்தளமானது. கண்ணுக்குள் வரும் மெலனோமா அதில் தனிப் பாதை. அங்கே பிராஃபுக்கு வேலையே இல்லை. ஜிஎன்ஏக்யூ, ஜிஎன்ஏ11 என்று வேறு இரண்டு மரபணுக்களின் ராஜ்யம்.

நமக்கு முக்கியமானது அந்த நான்காவது கூட்டம். கறுத்த, மாநிறத் தோல் உள்ளவர்களுக்கு மெலனோமாவே அபூர்வம். தோலில் உள்ள மெலனின் வெயிலைத் தடுத்துவிடுகிறது. ஆனால் கை கால் நுனிகளில் வரும் 'ஏக்ரல்' மெலனோமா நிறத்தைப் பார்ப்பதில்லை. எல்லா இனத்தாருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு வருகிறது. மற்ற ரகங்கள் நமக்கு அரிதாகவே வருவதால், வருகிற சிலவற்றில் இதன் பங்கு பெரிதாகிவிடுகிறது. ஜமைக்காவின் பாப் மார்லிக்கு 1977-இல் கால் கட்டைவிரல் நகத்தின் அடியில் வந்தது இதுதான். பந்து விளையாடும்போது பட்ட அடி என்று முதலில் நினைத்தார்கள். 1981 மே 11 அன்று, 36 வயதில், மயாமியில் இறந்தார்.

ஏக்ரல் மெலனோமாவின் டிஎன்ஏ-வைப் படித்தால் வெயிலின் கைரேகை பெரும்பாலும் இல்லை. எழுத்துப் பிழைகளின் எண்ணிக்கையே குறைவு. பதிலாக, குரோமோசோம்கள் துண்டு துண்டாக உடைந்து தப்பும் தவறுமாக ஒட்டியிருக்கின்றன. ஒரே மரபணு பத்து, இருபது பிரதியாகப் பெருத்துக் கிடக்கிறது. செல்லைப் பிரியச் சொல்லும் சிசிஎன்டி1, சிடிகே4, ஆயுளை நீட்டும் டெர்ட் ஆகியவை இப்படி அடிக்கடி பெருக்கப்படுகின்றன. 2017-இல் ஆஸ்திரேலியக் குழு வெளியிட்ட பெரிய தொகுப்பில், சாதாரணத் தோல் மெலனோமாவையும் ஏக்ரல் மெலனோமாவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கச் சங்கடமாக இருக்கும். நகத்தின் அடியில் வருவனவற்றில் மட்டும் சிலவற்றில் வெயிலின் தடம் கொஞ்சம் தெரிகிறது. நகம் ஒளியை ஓரளவு உள்ளே விடும் அல்லவா?

வெயில் இல்லையென்றால் வேறென்ன? ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தார் 2016-இல் உள்ளங்கால் மெலனோமாக்களை ஒரு பாதப் படத்தில் புள்ளி புள்ளியாகக் குறித்தார்கள். குதிகாலிலும் முன்பாதத்திலும் புள்ளிகள் குவிந்தன. தரையில் படாத உள்வளைவில் மிகக் குறைவு. நிற்கும்போதும் நடக்கும்போதும் அழுத்தம் விழுகிற இடங்களோடு இது ஒத்துப்போகிறது. அழுத்தம்தான் காரணம் என்று இதை வைத்து மட்டும் முடிவு கட்டிவிட முடியாது, ஆனால் சந்தேகம் வலுவானது.

இன்னொரு விடை மீனிடமிருந்து வந்தது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் ரிச்சர்ட் வைட்டின் குழு 2022-இல் அதை வெளியிட்டது. ஏக்ரல் கட்டிகளில் அடிக்கடி பெருக்கப்படும் சிஆர்கேஎல் என்கிற மரபணுவை வரிக்குதிரை மீனின் நிறமிச் செல்களில் ஏற்றினார்கள். எல்லா நிறமிச் செல்லுக்கும் ஒரே மரபணுதான் கொடுத்தார்கள். ஆனால் கட்டிகள் துடுப்புகளில்தான் அதிகம் வந்தன. பிராஃப் ஏற்றிய மீன்களுக்கோ உடம்பில். பரிணாமத்தில் மீனின் துடுப்பும் நம் கை கால்களும் பங்காளிகள். இரண்டிலும் நுனிப்பகுதியை அமைக்கும் ஹாக்ஸ்13 மரபணுக்கள் அங்குள்ள செல்களில் வயதான பிறகும் விழித்தே இருக்கின்றன. அவற்றின் தயவில் இன்சுலின் போன்ற வளர்ச்சிச் சமிக்ஞை அங்கே அதிகம். அந்தச் சமிக்ஞையைப் பெருக்கிக் காட்டுவதுதான் சிஆர்கேஎல்-இன் வேலை. முதுகில் இருக்கும் நிறமிச் செல்லுக்கு அந்த மரபணு எத்தனை பிரதி இருந்தாலும் பெருக்குவதற்கு அங்கே சரக்கு இல்லை. ஒரு பிறழ்வு ஆபத்தானதா இல்லையா என்பதைச் செல் இருக்கும் இடமும் சேர்ந்து தீர்மானிக்கிறது என்று இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த வித்தியாசம் சிகிச்சையில் வந்து உறைக்கிறது. பிராஃப் மாத்திரை ஏக்ரல் நோயாளிகளில் சிறுபான்மையினருக்குத்தான் பொருந்தும். சிலருக்குக் கிட் மரபணு கெட்டிருக்கும். ரத்தப் புற்றுநோய்க்காக வந்த இமாட்டினிப் அவர்களில் சிலருக்குக் கைகொடுக்கும், அதுவும் பிறழ்வு சரியான இடத்தில் விழுந்திருந்தால். மெலனோமா சிகிச்சையைப் புரட்டிப்போட்ட நோயெதிர்ப்பு மருந்துகளும் இங்கே தடுமாறுகின்றன. வெயில் கெடுத்த கட்டியில் ஆயிரக்கணக்கான பிழைகள் இருப்பதால் அன்னியமாகத் தோன்றும் புரதங்கள் ஏராளம், நோயெதிர்ப்புச் செல்கள் எளிதில் அடையாளம் கண்டுகொள்ளும். ஏக்ரல் கட்டியில் அந்த அடையாளங்கள் குறைவு. இவ்வளவுக்கும் மேல், மெலனோமா மரபணு ஆய்வுகளின் பெரிய தொகுப்புகள் பெரும்பாலும் வெள்ளைத்தோல் நோயாளிகளுடையவை. விழிப்புணர்வுத் துண்டறிக்கைகளும் அங்கிருந்தே பெயர்த்து எடுக்கப்படுகின்றன. சன்ஸ்கிரீன் பூசுங்கள், முதுகு மச்சத்தைப் பாருங்கள் என்று ஆஸ்திரேலியருக்குச் சொன்னதை அப்படியே செங்கல்பட்டுக்காரருக்கும் சொல்வதில் எனக்கு எரிச்சல் உண்டு. அவர் பார்க்க வேண்டியது பாதத்தை. நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோடு, காலில் ஆறாத புண், ஆணி என்று நினைத்து மாதக்கணக்கில் பிளாஸ்திரி ஒட்டிவரும் கறுத்த திட்டு.

தோல் டாக்டர் அந்தத் திட்டை டெர்மாஸ்கோப் என்கிற கைக்கருவியில் பெரிதாக்கிப் பார்ப்பார். உள்ளங்காலில் விரல் ரேகை போலவே மேடும் பள்ளமுமாக வரிகள் ஓடுகின்றன. சாதாரண மச்சமென்றால் நிறமி பெரும்பாலும் பள்ளத்தில் ஓடும். மெலனோமா என்றால் மேட்டில். வேர்வைக் குழாய்கள் திறப்பது மேட்டில்தான், கெட்ட நிறமிச் செல்கள் அந்தக் குழாய்களைச் சுற்றியே கூடுகின்றன. ஜப்பானியத் தோல் மருத்துவர்கள் கண்டெடுத்த இந்த அடையாளத்தைக் கொண்டு எத்தனையோ வீண் பயாப்ஸிகளைத் தவிர்க்க முடிகிறது.

அந்தத் தோலில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. பாஸ்டியன் குழு ஏக்ரல் கட்டிகளின் ஓரத்தைத் தாண்டி, மைக்ராஸ்கோப்பில் முற்றிலும் நல்லதாகத் தெரியும் தோலையும் சோதித்தது. அங்கே ஒற்றை ஒற்றையாக உட்கார்ந்திருந்த நிறமிச் செல்களில், கட்டியில் பெருத்திருந்த அதே மரபணுப் பிரதிகள் இருந்தன. உருவம் மாறாத, நிறமும் காட்டாத செல்கள். கறுப்பு முடிகிற இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் தூரம் வரை அவை பரவியிருந்தன. சர்ஜன் கண்ணுக்குத் தெரிகிற ஓரத்தை ஒட்டி வெட்டினால் இவை உள்ளேயே தங்கிவிடும். உள்ளங்காலில் மெலனோமா அதே இடத்தில் திரும்பவும் முளைப்பது இவற்றிலிருந்துதான் என்று அந்தக் குழு கருதுகிறது.